ஹில்டா அக்காவின் நூற்றுக்குத் தொண்ணூற்றொன்பது

ஹில்டா அக்காமேல் எனக்கு இன்னும் கோபம் தீரவில்லை. என் டாக்டர் பட்டத்தை ஒரு வருஷத்துக்கு மேல் தள்ளிப்போட்டவர் அவர். கெட்ட எண்ணத்தில் செய்திருந்தால் நாலு வார்த்தை திட்டிவிட்டு மறந்திருப்பேன். நல்ல எண்ணத்தில் கழுத்தை அறுப்பவர்களை என்ன செய்வது?

1961-ல் தாம்பரத்தில் ஒரு கல்லூரியின் வேதியியல் ஆய்வுக்கூடத்தில் அவர் வேலைக்குச் சேர்ந்தார். சேலையூரில் வீடு, பி.எஸ்ஸி. படிப்பு, ஞாயிற்றுக்கிழமை சர்ச் பாடகர் குழுவில் ஆல்டோ குரல். கல்யாணம் செய்துகொள்ளவில்லை. அங்கே வேதசிரோமணி என்ற பேராசிரியர் மூலிகைகளில் என்னென்ன சரக்கு இருக்கிறது என்று பிரித்துப் பார்த்துக்கொண்டிருந்தார். ஹில்டா அக்கா ஆடாதோடை இலையைக் காயவைத்து, இடித்து, ஸ்பிரிட்டில் ஊறவைத்து, வடிகட்டி, மறுபடி வடிகட்டி, கடைசியில் ஒரு சிட்டிகை வெள்ளைப் படிகத்தைக் கொண்டுவந்து வைப்பார். அது எத்தனை டிகிரியில் உருகுகிறது என்று இரண்டு பேர் பார்க்க வேண்டும். இரண்டு எண்ணும் ஒத்துப்போகாவிட்டால் பேராசிரியர் கையெழுத்துப் போடமாட்டார். இரண்டு பேரும் எதிரெதிரே உட்கார்ந்து, யார் கோட்டைவிட்டது என்று பேசி, திரும்பச் செய்து, ஒத்துவந்த பிறகுதான் நோட்டில் ஏற்றுவார்கள். எட்டு வருஷம் அந்தப் பழக்கத்திலேயே ஊறிப்போனார்.

1969-ல் வேதசிரோமணி ஓய்வு பெற்றார், மூலிகை வேலையும் நின்றது. மாடியிலிருந்த எங்கள் இயற்பியல் ஆய்வுக்கூடம் ஹில்டா அக்காவை எடுத்துக்கொண்டது.

எங்கள் வேலை வேறு மாதிரி. வெளிநாட்டில் ஒரு பெரிய யந்திரத்தில் புரோட்டான்களைக் கிட்டத்தட்ட ஒளியின் வேகத்துக்கு விரட்டி, தடிமனான போட்டோ பூச்சு பூசிய கண்ணாடித் தகடுகள்மேல் பாய்ச்சுவார்கள். பூச்சுக்குள் ஒரு புரோட்டான் ஏதாவது அணுக்கருவில் மோதினால், அங்கிருந்து மயிரிழை போலக் கறுப்புக் கோடுகள் நாலாபக்கமும் சிதறும். அதற்கு நாங்கள் நட்சத்திரம் என்று பெயர் வைத்திருந்தோம். கழுவிய தகடுகள் கப்பலில் தாம்பரம் வந்து சேரும். மைக்ராஸ்கோப்பில் கண்ணை வைத்து நாள் முழுக்க நட்சத்திரம் தேடுவது ஹில்டா அக்காவும் காமுவும்.

காமு அனகாபுத்தூர். முப்பது வயது. பல்லாவரம் வரை பஸ், அப்புறம் எலெக்ட்ரிக் ரயில். தோல் பதனிடும் ஷெட்டில் வேலை பார்த்துப் பார்த்து நெஞ்சு கெட்டுப்போன கணவர் வீட்டோடு கிடந்தார். இவள் சம்பளத்தில்தான் குடும்பம் நடந்தது. அதிகம் பேசமாட்டாள்.

ஒரே தகட்டை இருவரும் தனித்தனியே பார்க்க வேண்டும், ஒருவர் நோட்டை மற்றவர் பார்க்கக்கூடாது என்பது விதி. அரிசியில் கல் பொறுக்குவதுபோலத்தான். ஒருத்தி பொறுக்கிய அரிசியை இன்னொருத்தி பார்த்து, முதலாமவள் எத்தனை கல்லை விட்டாள் என்று தெரிந்தால்தான், இருவர் கண்ணுக்கும் தப்பிய கல் எத்தனை என்று கணக்குப் போட முடியும். அந்தக் கணக்குதான் என் தீசிஸ். விட்டது எத்தனை என்பதே எனக்குப் பொன். சேர்ந்த அன்றே ஹில்டா அக்காவிடம் இதைச் சொன்னேன். தலையாட்டினார். அந்தத் தலையாட்டலை நம்பியது என் முட்டாள்தனம்.

1973-ல் கணக்குப் போட்டுப் பார்த்தேன். நூறு நட்சத்திரத்தில் தொண்ணூற்றொன்பதை இருவருமே பிடித்திருந்தார்கள். எங்கள் பேராசிரியர் ராஜகோபாலன் தலைகால் புரியாமல் ஆடினார். கூட வேலை செய்யும் வெளிநாட்டுக்காரர்களுக்கு உடனே எழுதிப் போட்டோம். ஒரே மாதத்தில் பதில் வந்தது. மனிதக் கண்ணால் இது முடியாது, உங்கள் ஆட்கள் நோட்டைப் பகிர்ந்துகொள்கிறார்கள், இந்த எண்கள் எதையும் எடுத்துக்கொள்ள முடியாது. தீசிஸ் கொடுக்க எனக்கு இரண்டே மாதம் இருந்தது.

கடிதமும் கையுமாக ஓடினேன். ஹில்டா அக்கா மறைக்கவே இல்லை.

"ஆமா சார், டெய்லி சாயங்காலம் ரெண்டு நோட்டையும் சேத்து வச்சுப் பாப்போம். அவ விட்டத நான் காட்டுவேன், நான் விட்டத அவ காட்டுவா. ஒத்துப்போகாம எப்படி மேல அனுப்பறது?"

இதைப் பெருமையாக வேறு சொன்னார். தலையில் அடித்துக்கொண்டேன், நிஜமாகவே. அரிசி, கல், எல்லாவற்றையும் மறுபடி முதலிலிருந்து சொன்னேன்.

"அப்ப உங்களுக்கு எங்க தப்புதான் வேணும்?"

"ஆமாக்கா. அதேதான் வேணும்."

எல்லாத் தகடுகளையும் திரும்பப் பார்க்க ஏற்பாடு செய்தேன். ஹில்டா அக்காவுக்கு மாடியில் ஒரு அறை, காமுவுக்குக் கீழே ஒரு அறை. மத்தியானம் சாப்பாடு கூட வேறு வேறு நேரம். சாயங்காலமானால் இரண்டு நோட்டையும் நானே வாங்கிப் பூட்டி வைத்தேன். முதல் வாரம் ஹில்டா அக்கா என்னிடம் வந்து, காமுவை விட்டுவிடுங்கள், நான் ஒருத்தியே இரண்டு தடவை பார்க்கிறேன் என்றார். ஒரே ஆள் பார்த்தால் விட்டதையே மறுபடியும் விடுவார், அது கணக்கில் சேராது என்று கத்தினேன். அவர் இரண்டு தடவை கேட்டார், நான் இரண்டு தடவையும் கத்தினேன். இத்தனை வருஷம் ஆய்வுக்கூடத்தில் இருந்தும் இவருக்கு ஒன்றுமே ஏறவில்லையே என்று எரிச்சலாக இருந்தது.

பதினாலு மாதம் கழித்து எண்கள் கிடைத்தன. ஹில்டா அக்கா நூற்றுக்குத் தொண்ணூற்று மூன்று. காமு ஐம்பத்தெட்டு.

எனக்கு ஒரே சந்தோஷம். ஐம்பத்தெட்டோ தொண்ணூற்று மூன்றோ, உண்மையான எண்ணாக இருந்தால் கணக்குக்கு இரண்டும் ஒன்றுதான். பட்டியலைத் தட்டச்சு செய்து, தீசிஸோடு ராஜகோபாலன் மேஜையில் வைத்தேன். அவர் அதில் காமுவின் பெயரைத்தான் பார்த்தார். பாதிக்குப் பாதி கோட்டைவிடும் ஆளுக்கு எதற்கு மைக்ராஸ்கோப் என்றார். அந்த மாதக் கடைசியோடு காமுவை நிறுத்திவிட்டார்கள்.

எண் குறைவாக இருப்பதால் ஒரு நஷ்டமும் இல்லை என்று அவரிடம் நான் ஒரு வாக்கியம் சொல்லியிருக்கலாம். அந்தக் கல்லூரியில் அதைத் தெரிந்தவன் நான் ஒருவன்தான். என் தீசிஸ் அவர் கையெழுத்துக்காக அதே மேஜையில் கிடந்தது. வாயைத் திறக்கவில்லை.

மறுநாள் ஹில்டா அக்கா என் அறைக்கு வந்தார். காமுவுக்கு வலது கண் மங்கிக்கொண்டே வருகிறது, எழும்பூர் கண்ணாஸ்பத்திரியில் மூன்று வருஷம் முன்பே சொல்லிவிட்டார்கள், தனக்கு மட்டும் தெரியும் என்றார். அவளுடைய பிழைப்புக்காகத் தினமும் அவள் விட்டதை எல்லாம் எடுத்துக் காட்டி நோட்டில் ஏற்றவைத்ததும் தான்தான் என்றார். குரல் உயரவே இல்லை. எனக்கு வெட்கமாக இருந்தது, அதனால் கத்தினேன்.

"இத ஏன்க்கா எங்கிட்ட முதல்லயே சொல்லல? சொல்லியிருக்கலாமில்ல?"

"சொல்லியிருந்தா நீங்க என்ன சார் பண்ணியிருப்பீங்க?"

என்ன பண்ணியிருப்பேன் என்று எனக்குத் தெரியும். அவருக்கும் தெரிந்திருந்தது.  ஹில்டா அக்கா மாடியேறிப் போய், தன் மைக்ராஸ்கோப் முன்னால் உட்கார்ந்தார்.