சில இடங்களில் மழை

அறுபதுகளில் நான் திருகோணமலை வானிலைக் கந்தோரில் எழுதுவினைஞனாக இருந்தேன். ஒரு சித்திரைக் காலையில், குச்சவெளி பஸ்ஸில் வந்த ஒரு தோட்டக்காரர் என் மேசைக்கு முன் நின்றார். மெலிந்த உடம்பு, தோளில் சால்வை. வாயைத் திறக்கும் முன் ஒவ்வொரு முறையும் அண்ணாந்து பார்ப்பார். மேலே எங்கள் கூரைதான் இருந்தது.

"ஐயா, பின்னேரம் சில இடங்களில இடியோட மழை பெய்யும் எண்டு ரேடியோவில சொன்னவை. என்ர தோட்டமும் அந்தச் சில இடத்துக்குள்ளயோ? செத்தல் மிளகாய் முற்றத்தில காயுது."

"அப்பிடிப் பிரிச்சுச் சொல்ல ஏலாது, அண்ணை."

கூரையைப் பார்த்தார். "நீங்கள் நினைச்சால் ஏலும். இந்த முறை என்னை விட்டிட்டு மற்ற இடங்களில பெய்ய விடுங்கோ."

"சரி, பாப்பம்" என்று சிரித்து அனுப்பிவைத்தேன்.

மறுநாள் ஒரு பை செத்தல் மிளகாயோடு வந்து நின்றார். மழை அவருடைய வேலியோடு நின்றுவிட்டதாம்.

"நான் ஒண்டும் செய்யேல்லை" என்றேன்.

"பெரிய ஆக்கள் அப்பிடித்தான் சொல்லுவினம்" என்று கூரையிடம் சொன்னார். "வைகாசியில மிளகாய்க் கண்டு நடுவன். அப்ப மட்டும் என்னையும் சேர்த்துக்கொள்ளுங்கோ."

அவர் போன கையோடு இன்னொருவர் வந்தார். வேலிக்கு அந்தப் பக்கத்துத் தோட்டக்காரர். அவர் கூரையைப் பார்க்கவில்லை. மேசையிலிருந்த பையையே பார்த்தார்.

"அவன்ர மழையையும் சேர்த்து என்ர தலையில ஊத்தினது இந்த ஒரு பை மிளகாய்க்கோ, ஐயா?"