மூன்றாவது பட்டை

ஜியு-ஜிட்சு மல்யுத்தத்தில் எங்களுக்குப் பரீட்சை கிடையாது. மாஸ்டருக்கு எப்போது தோன்றுகிறதோ அப்போது நம் பெல்ட்டின் கறுப்பு நுனியில் ஒரு வெள்ளை டேப் சுற்றுவார். நான்கு சேர்ந்த பிறகுதான் வெள்ளை பெல்ட் போய் நீலம் வரும்.

நாற்பது வயதில் கொரட்டூர் வகுப்பில் சேர்ந்த எனக்கு ஒன்றரை வருடத்தில் கிடைத்தது இரண்டு. அந்த பெல்ட்டைத்தான் என் கணவர் வாஷிங் மெஷினில் போட்டார். டேப் இரண்டும் கழன்றுவிட்டன. நான் கத்திய கத்தலில் மருந்துக்கடைக்கு ஓடி, பிளாஸ்திரி வாங்கி வந்து அவரே ஒட்டினார். எண்ணினால் மூன்று இருந்தது.

"இன்னாத்துக்கு மூணு?" என்றேன்.

"கழுத்த புடிச்சிகினு வர்ற. மறுநாளும் கிளம்பிப் போற. அத்த உங்க மாஸ்டரா பாக்கறாரு? நான்தானே பாக்கறேன்."

மூன்றோடு அப்படியே பெல்ட்டை மடித்துப் பையில் வைத்தேன்.

மறுநாள் மாஸ்டர் மூன்றையும் உரித்துவிட்டு இரண்டு டேப் சுற்றினார். நியாயம்தான்.

ஐந்து மாதம் கழித்து மூன்றாவது டேப் வந்தது. வீட்டுக்கு ஓடிவந்து காட்டினேன். தோசையைத் திருப்பியபடியே ஒரு பார்வை பார்த்தார்.

"அவருக்கு இப்பத்தான் தெரிஞ்சுதா?" என்றார்.