லோர்னாவின் மேற்குச் சன்னல்

பல்லின் மேல் அரத்தை வைத்து மூன்று இழுப்பு. இரண்டு போதாது, நான்கு கூடாது. பிறகு அடுத்த பல். மரம் அறுக்கும் மெஷினின் சங்கிலியை இடுக்கியில் மாட்டிவிட்டால் லோர்னா பெல்கி யாரையும் நிமிர்ந்து பார்ப்பதில்லை. வந்தவர் இருமலாம், செருமலாம், மழையைப் பற்றி அங்கலாய்க்கலாம். கடைசிப் பல் முடிந்த பிறகுதான், "சொல்லு, எதைக் கெடுத்துட்டு வந்திருக்க?" என்று கேட்பாள்.

அறுபத்திரண்டு வயது. நியூ ஹாம்ப்ஷயரின் மலைப்பக்கத்துச் சின்ன ஊர் ஒன்றில், மேட்டின் மேல் வீடு. வீட்டை ஒட்டிய கொட்டகைதான் பட்டறை. ஊரிலுள்ள புல்வெட்டும் மெஷினும் பனி வாரும் மெஷினும் வருஷத்துக்கு ஒருமுறையாவது அவள் கைக்கு வந்தே தீரும். பழைய பெட்ரோலைக் குளிர்காலம் முழுக்க டாங்கியிலேயே விட்டுவைத்துவிட்டு, "ஸ்டார்ட் ஆகமாட்டேங்குது" என்று வருகிறவர்களைக் கண்டால் அவளுக்குப் பற்றிக்கொண்டு வரும். "பாலை ஆறு மாசம் வெளிய வெச்சிட்டு எடுத்துக் குடிப்பியா?" என்பாள். திட்டு வாங்கியவர்கள் அடுத்த வசந்தத்திலும் அதே தப்போடு வந்து நிற்பார்கள்.

கோபம் அவளுக்கு மூக்கு நுனியில் என்று ஊர் சொல்லும். உண்மைதான். தம்பி ஆர்மண்டின் அறையில் மட்டும் அவள் குரல் உயர்ந்து யாரும் கேட்டதில்லை. பதினோரு வருஷத்துக்கு முன்னால், காட்டு வேலையில் அவன் வெட்டிய மரம் திரும்பி அவன் மேலேயே சாய்ந்தது. அன்றிலிருந்து இடுப்புக்குக் கீழே அசைவில்லை. அவன் கட்டிலை மேற்குச் சன்னலோரம் போட்டிருக்கிறாள். அங்கிருந்து பார்த்தால் ஒன்றன் பின் ஒன்றாக மூன்று மலைகள் தெரியும். எந்தச் சரிவில் பனி உருகிற்று, எங்கே மேகம் இறங்குகிறது என்று அவன் நாள் முழுக்கச் சொல்லிக்கொண்டிருப்பான். அவள் காபியைக் கலக்கியபடி 'உம்' கொட்டுவாள்.

வினை அந்தச் சன்னல் வழியாகத்தான் வந்தது. போன இலையுதிர்காலத்தில் வீட்டு வரிக்காக மதிப்புப் போடும் வெளியூர் மதிப்பீட்டாளர் ஒருவர் வாசலில் நின்று மலைகளைப் போட்டோ எடுத்துக்கொண்டு போனார். மலை தெரிகிற வீடு என்பதால் வீட்டின் மதிப்பு ஏறக்குறைய இரட்டிப்பாகிவிட்டது. அது போதாதென்று, வரி விகிதத்தையும் உயர்த்தப்போவதாக இந்த வருஷம் நோட்டீஸ். இரண்டும் சேர்ந்தால் வீட்டை விற்றுவிட்டுப் போகவேண்டியதுதான். "கூரை ஒழுகுது, அதைப் போட்டோ எடுக்கல அந்த மகராசன்," என்றாள் லோர்னா. "மலையை நானா கொண்டாந்து வெச்சேன்?"

அக்கம்பக்கத்தார் ஆளுக்கு ஆள் ஒரே யோசனை சொன்னார்கள். வளர்ந்த பைன் மரங்களாகப் பார்த்துச் சன்னலுக்கு எதிரே நட்டுவிட்டால் மலை மறைந்துவிடும், மதிப்பும் இறங்கிவிடும். அடுத்த மேட்டில் இரண்டு பேர் நட்டே விட்டார்கள். அவள் அடுத்த சங்கிலியை எடுத்து இடுக்கியில் மாட்டினாள்.

மார்ச் மாதம் டவுன் ஹாலில் வரி உயர்வு பற்றிக் கருத்துக்கேட்புக் கூட்டம். ஒருவருக்கு மூன்று நிமிடம். முடிந்ததும் ஊர் நிர்வாகக் குழுவின் தலைவர் வெண்டல் ஸ்டிக்னி மேஜை மணியைத் தட்டுவார். நான்கு வருஷமாக லோர்னா பேச வந்த விஷயத்தைத் தொடுவதற்குள் மணி அடித்துவிடுகிறது, ஏனென்றால் முதல் இரண்டு நிமிடம் குழுவைத் திட்டுவதிலேயே போய்விடும்.

இந்த முறையும் அப்படித்தான் ஆரம்பித்தாள். "வெண்டல், நீ ரிப்பேருக்குக் கொண்டாந்த புல்வெட்டுற மெஷினுக்குள்ள எலி கூடு கட்டிக் குட்டியே போட்டிருந்துச்சு. அது உனக்குத் தெரியல. என் வீட்டுச் சன்னல்ல என்ன தெரியுதுன்னு மட்டும் தெரியுதாக்கும்!"

கூடம் கொல்லென்று சிரித்தது. வெண்டலும் சிரித்தார். சிறு வயதில் ஒரே வகுப்பில் படித்தவர். கெட்ட மனுஷர் இல்லை. "திட்டு, திட்டு. ஆனா எல்லாரும் சொல்றதத்தான் நானும் சொல்றேன், லோர்னா. நாலு மரத்த நட்டுடேன். தொல்லை விட்டுது."

லோர்னா ஓரடி முன்னால் வந்தாள். "மரமா? ஆர்மண்டுக்கு..."

மணி அடித்தது. "நேரமாயிடுச்சு. உக்காரும்மா."

அவள் நேராக மேஜைக்குப் போனாள். சட்டைப் பையிலிருந்து திருப்புளியை எடுத்து, மணியைக் கவிழ்த்து, அடியிலிருந்த திருகை மடமடவென்று கழற்றினாள். வெண்டல் தடுக்கவில்லை. அவள் கையில் ஒரு சாமான் பிரிந்துகொண்டிருக்கும்போது குறுக்கே பேசி ஊரில் யாருக்கும் பழக்கமில்லை.

"பதினோரு வருஷமா அந்த மரத்துக்கு அடியிலதான் கெடக்கான் என் தம்பி," என்றாள், திருகிலிருந்து கண்ணை எடுக்காமல். "இன்னும் நாலு மரத்த அவன் மூஞ்சிக்கு நேரா நிக்க வெக்கச் சொல்றியா? வெக்க மாட்டேன். வீட்டையும் விக்க மாட்டேன். அவன் பாக்கறதுக்கு நீங்க போட்ட வரியையும் கட்ட மாட்டேன். என்ன பண்ணணுமோ பண்ணிக்கங்க."

பின்வரிசையில் யாரோ மூக்கை உறிஞ்சினார்கள். வெண்டல் ஏதோ சொல்ல வாயெடுத்தார். கழன்று வந்த மணிக் கிண்ணத்தை லோர்னா அவர் உள்ளங்கையில் வைத்து, விரல்களை ஒவ்வொன்றாக அதன் மேல் மடக்கினாள்.

"நான் இன்னும் பேசி முடிக்கல," என்றாள்.