பாலை மரத்து ஏணி

என் சித்தப்பா புத்தகத்தையும் விதைநெல்லையும் ஒரே மாதிரி மதித்தவர். வில்லங்கம் அதனால்தான் வந்தது.

அவர் யாழ்ப்பாணத்தில் கலியாணம் முடித்து, கிளிநொச்சிக் குடியேற்றத்திட்டத்தில் இருந்த எங்கள் மண்வீட்டுக்குச் சித்தியைக் கூட்டிவந்தபோது, இரண்டு பெட்டி நிறையப் புத்தகங்களும் கூடவே வந்தன. எங்கள் பக்கத்தில் நிலத்தில் வைத்தால் கறையான். மாரி வந்தால் வாசல்வரை வெள்ளம். ஆகவே விதைநெல் வைக்கும் உயரத்தில், கூரைக்குச் சற்றுக் கீழே, சுவரின் நீளத்துக்குத் தட்டு அடித்துப் புத்தகங்களை அடுக்கினார். பெரிய காரியம் செய்த பெருமை அவர் முகத்தில். சித்தியால் ஒன்றையும் எட்ட முடியவில்லை.

சித்தி கொஞ்சநாள் பொறுத்துப் பார்த்தார். தண்ணீரும் யானையும் தவிர வேறு கதை இல்லாத வீட்டில் அவருக்கு இருந்த ஒரே துணையும் மேலே ஏறிவிட்டது. வெள்ளிக்கிழமை தன் அண்ணன் வருவதாகவும் அவரோடு ஊருக்குப் போகப்போவதாகவும் ஒருநாள் அம்மாவிடம் சொன்னார். திரும்பி வருவது பற்றி ஒன்றும் சொல்லவில்லை. அம்மா அதைச் சித்தப்பாவிடம் சொல்ல ஓடினார். எனக்கோ பயம், சித்தி போய்விட்டால் எனக்குக் கதை சொல்ல ஆள் ஏது? சித்தப்பாவோ, போகவேண்டாம் என்று வாய் திறந்து கேட்கத் தெரியாத மனிதர். ஏணி தேடத் தொடங்கினார்.

முதலில் வயலில் காவல் பரணுக்குச் சார்த்தியிருந்த தடி ஏணி வந்தது. யானை வந்தால் மேலே இழுத்துக்கொள்வதற்காகப் பாரமில்லாமல் கட்டியது. ஒற்றைக் கையால் தூக்கலாம், வேண்டாதபோது வெளியே வைத்துவிடலாம் என்று சந்தை வியாபாரி மாதிரிப் புகழ்ந்தார். சித்தி இரண்டு படி ஏறி, சேலை சிக்கி, இறங்கினார். அடுத்தது பக்கத்து வீட்டார் கூரை வேயும் ஏணி. நிமிர்த்தியதுதான் தாமதம், கூரைக் கிடுகைக் குத்திக்கொண்டு வெளியே தலைகாட்டியது. நான் சிரித்தேன், அம்மா என் காதைத் திருகினார்.

வியாழக்கிழமை சித்தப்பா வயலுக்குப் போகவில்லை. வளவில் கிடந்த பாலை மரத்தை அறுத்து, சித்தியின் கால் எட்டுக்கு ஏற்றபடி படிகளை நெருக்கி, தானே ஓர் ஏணி அடித்தார். பாலை பொல்லாத பாரம். அப்பாவும் அவருமாக மூச்சுவாங்கத் தூக்கிவந்து தட்டின் ஒரு மூலையில் சார்த்தினார்கள்.

"பாரம் கூடிப்போச்சு. உம்மால அசைக்க ஏலாது," என்றார் சித்தப்பா, நிலத்தைப் பார்த்தபடி.

சித்தி ஏறினார். ஒரு புத்தகத்தை எடுத்து, மேல்படியிலேயே இருந்து வாசிக்கத் தொடங்கிவிட்டார். நாங்கள் எல்லோரும் கீழே காத்து நின்றோம். பிறகு இறங்கி வந்து, ஏணியைக் கையால் ஒருமுறை தட்டிப் பார்த்தார்.

"ஏன் அசைக்கவேணும்? இது இஞ்சயே நிக்கட்டும். அதின்ர காலை நிலத்தில தாட்டு விடுங்கோ."

சித்தப்பா குழி தோண்ட அலவாங்கு எடுக்க ஓடினார். அம்மா அப்பாடா என்று கதிரையில் சாய்ந்துவிட்டார். அந்த வீட்டில் அன்றைக்குத்தான் எல்லோரும் ஒழுங்காகச் சாப்பிட்டோம் என்று நினைக்கிறேன். மறுநாள் வந்த அண்ணன், மத்தியானச் சோறு சாப்பிட்டுவிட்டுத் தனியாகவே ரயிலேறினார்.

எனக்கு மட்டும் மனம் ஆறவில்லை. தட்டு சுவரின் நீளத்துக்கு. ஏணியோ ஒரு மூலையில். ஏறினால் கைக்கு எட்டுவது கொஞ்சப் புத்தகம்தான். நகராத ஏணியை வைத்துக்கொண்டு மிச்சத்தை எப்படி எடுப்பது என்று இருவரிடமும் கேட்டேன். சித்தப்பா சித்தியைப் பார்த்தார், இருவரும் சிரித்தார்கள். இவ்வளவு வாசித்த சித்திக்கு இந்தச் சின்ன விஷயம் விளங்கவில்லையே என்று நான் உண்மையாகவே கவலைப்பட்டேன்.