வெளியே காத்திருக்கச் சொன்னார்கள்

என் மகளுக்கு அப்போது ஏழு வயது. ஆட்டிசம் என்று மூன்று வயதிலேயே டாக்டர் சொல்லிவிட்டார். அவளுக்குப் பேச்சு சில சொற்கள்தான். பெயர் சொல்லிக் கூப்பிட்டால் திரும்ப மாட்டாள். மனைவி துணிக்கடை வேலை முடிந்து வர இரவாகிவிடும் என்பதால், ரயில்வே பணிமனையிலிருந்து நான் திரும்பியதும் அவளுக்கு ஒர்க்‌ஷீட் சொல்லிக்கொடுப்பது என் வேலை.

பெரிதாக ஒன்றுமில்லை. தாளின் ஒரு பக்கம் குடை, செருப்பு, சீப்பு, தட்டு. மறுபக்கம் சோறு, மழை, தலைமுடி, கால். ஜோடியைக் கோடு போட்டுச் சேர்க்க வேண்டும். ஆனால் கோடு கோணலாகிவிட்டால் தன் மணிக்கட்டைக் கடித்துக்கொள்வாள். தோல் கன்றிப்போகும். அதற்குப் பயந்து அவள் கையைப் பிடித்து நானே கோட்டைப் போட்டுவிடுவேன்.

தென்னூர் பயிற்சி மையத்தில் அவளுக்குச் சொல்லிக்கொடுத்த அம்மா என் பயத்தைக் கவனித்திருக்கிறார்.

"அவ கையப் பிடிச்சு நீங்களே கோடு போடாதீங்க சார். முழங்கையை லேசா தொடுங்க, போதும். அப்புறம் அதையும் விட்டுடுங்க."

விட்டுவிடுவதுதான் கஷ்டமாக இருந்தது. மழைக்காலம் முழுக்க முழங்கையில் விரல் வைத்துக்கொண்டே உட்கார்ந்திருந்தேன். பொங்கலுக்குப் பிறகு ஒரு நாள், நான் தொடாமலே குடையிலிருந்து மழைக்குக் கோடு இழுத்தாள். கோணல்தான். கடிக்கவில்லை.

அந்தத் தைரியத்தில்தான் மன்னார்புரம் பக்கம் ஒரு பள்ளியில் சேர்க்கக் கேட்டோம். ஒரு தாளைத் தனியாக முடிக்கிறாளா என்று பார்க்க வேண்டும் என்றார்கள். எங்கள் வீடு இருக்கும் ஸ்ரீரங்கத்திலிருந்து பஸ்ஸில் கூட்டிப் போனேன்.

"நீங்க வெளியில இருங்க சார். அப்பா பக்கத்துல இருந்தா அவ தனியா செய்யறாளான்னு எங்களுக்குத் தெரியாது" என்று மிஸ் கதவைச் சாத்தினார்.

அழுகை வரும் என்று காதைத் தீட்டிக்கொண்டு நின்றேன். சத்தமே இல்லை. அழுதிருந்தால்கூட இவ்வளவு பயந்திருக்க மாட்டேன். கொஞ்ச நேரத்தில் கதவு திறந்தது. மிஸ் முகம் வெளிறியிருந்தது.

"பாப்பா உங்ககிட்ட வந்தாளா?"

அலமாரியில் கலர் பென்சில் தேடத் திரும்பிய நேரத்தில், பின்கதவு வழியாகப் போயிருக்கிறாள். நான் வாசலுக்கு ஓடினேன். வேன் வெளியேறுவதற்காக கேட் திறந்து கிடந்தது. எதிரே ரோட்டில் பஸ்ஸும் லாரியும் ஒன்றையொன்று முந்திப் போய்க்கொண்டிருந்தன. பெயரைச் சொல்லிக் கத்தினேன். கத்தும்போதே அவள் திரும்ப மாட்டாள் என்பது நினைவுக்கு வந்தது. யாராவது நிறுத்தி விசாரித்தாலும் வீடு எங்கே என்று சொல்லத் தெரியாது. வாட்ச்மேனின் கையைப் பிடித்துக்கொண்டு, "மஞ்சள் கவுன், மஞ்சள் கவுன்" என்று மட்டும் சொல்லிக்கொண்டிருந்தேன்.

உள்ளேயிருந்து ஆயாம்மா கை காட்டிக் கூப்பிட்டார்.

"சார், இங்க இருக்கு! பயப்படாதீங்க, வாங்க!"

ஒன்றாம் வகுப்பில், கடைசி பெஞ்சில் உட்கார்ந்திருந்தாள். மற்ற பிள்ளைகள் எதையோ எழுதிக்கொண்டிருக்க, இவளும் தன் தாளை விரித்து வைத்திருந்தாள். தாளில் மூன்று கோடுகள் இருந்தன. ஒன்று தப்பு. நான் தரையில் உட்கார்ந்துவிட்டேன். அழுகை வந்தது. அவள் என்னைப் பார்க்கவில்லை.

சேர்த்துக்கொள்வதாகத் தலைமையாசிரியை சொன்னார். வீட்டிலிருந்து ஒரு ஆள் வகுப்பில் கூட உட்கார வேண்டும், பின்கதவுக்குத் தாழ்ப்பாள் போடுகிறோம் என்றும் சொன்னார். நான் தலையாட்டினேன்.

சத்திரம் பேருந்து நிலையத்தில் பஸ் மாறும்போது அவள் கையை இறுக்கிப் பிடித்திருந்தேன். வலித்து உதறினாள். விடவில்லை. அங்கிருந்தே மனைவிக்கு போன் செய்து நடந்ததைச் சொன்னேன்.

"அப்போ அனுப்ப வேணாங்களா?" என்றாள்.

"தெரியலம்மா. மூணு கோடு போட்டிருக்கா."

ஜூனில் சேர்த்தோம். மனைவி கடை வேலையை விட்டுவிட்டு அவளோடு வகுப்பில் உட்காருகிறாள். பணிமனையில் என் போன் அடித்தால், இப்போதும் எடுத்தவுடன் "பாப்பா எங்க?" என்றுதான் கேட்கிறேன்.