பட்டமளிப்பு மண்டபத்தில் போட்ட குரவை

எனக்கு எழுபத்தாறு வயது. வளர்த்தது ஆறு பேரை. நாலு நான் பெற்றது. மற்ற இரண்டும் கதிரவெளியில் இருந்த என் தம்பியின் பிள்ளைகள். சுனாமி தம்பியையும் அவன் பெண்சாதியையும் கொண்டுபோன கிழமையே இரண்டையும் கரடியனாற்றில் என் வீட்டுக்குக் கூட்டி வந்துவிட்டேன்.

அந்த இரண்டில் மூத்தது பெண். வந்து ஒரு மாதம் வாய் திறக்கவில்லை. பிறகு ஒருநாள் பள்ளிக்கூடப் புத்தகம் கேட்டாள். அன்றைக்கே கண்ணகை அம்மன் வாசலில் நேர்த்தி வைத்தேன்: இவள் பட்டம் எடுக்கிற அன்று, எடுக்கிற இடத்திலேயே உனக்கு மூன்று குரவை போடுவேன். எங்கள் பக்கத்தில் கலியாணமோ கோயில் சடங்கோ, பெண்கள் நாக்கைச் சுழற்றிக் குரவை போட்டால்தான் நல்ல காரியம் நிறையும். பட்டம் கொடுப்பதும் அப்படிப் பந்தலுக்குள் நடக்கும் என்று நினைத்துவிட்டேன். எங்கள் குடும்பத்தில் யார் அதைக் கண்டது?

பிறகு சண்டையில் இடம்பெயர்ந்து, கூடாரத்துக்குள் குப்பிவிளக்கில் படித்தவள் அவள். சண்டை முடிந்து சில வருடத்தில் பட்டம் வந்தது. முதல்நாள்தான் நேர்த்தியைச் சொன்னேன். பயந்துபோனாள்.

“மாமி, அங்க இருமவும் ஏலா. வெளிய வந்தாப்பிறகு போடுங்க.”

“எடுக்கிற இடத்தில எண்டு சொல்லிப்போட்டன் புள்ள.”

“அம்மன் கோவிக்கமாட்டா. எனக்குத்தான் மானம் போகும்.”

போய்ப் பார்த்தால் பந்தல் இல்லை, பெரிய மண்டபம். மேளம் முன்னே வர, சிவப்பு அங்கி போட்ட பெரியவர்கள் சாமி வீதிவலம் வருகிற ஒழுங்கில் வந்தார்கள். குத்துவிளக்கு ஏற்றினார்கள். கறுப்பு அங்கியில் பிள்ளைகள் அத்தனை பேரும் என்ன வடிவு! சத்தம் போடக்கூடாது என்று ஒலிபெருக்கியில் இரண்டு தரம் சொன்னார்கள்.

அவள் பேரைக் கூப்பிட்டார்கள். அவள் மானத்தையும் நினைத்தேன், அம்மனையும் நினைத்தேன். எழும்பி ஒரு குரவை போட்டேன்.

மண்டபமே திரும்பியது. பட்டம் கொடுக்கிற பெரியவரின் கை அப்படியே நின்றது. ஒழுங்கு பார்க்கிற இளைஞர் ஒருவர் ஓடி வந்தார்.

“அம்மா, இருங்க, இருங்க! இது கலியாண வீடில்ல.”

திரும்பக் குந்திவிட்டேன். பக்கத்துக் கதிரையில் முக்காடு போட்ட காத்தான்குடி முஸ்லிம் பெண் ஒருத்தி. அவள் மகனும் அந்த வரிசையில் நின்றான்.

“என்னகா, ஒண்டோட நிப்பாட்டிட்டீங்க?” என்றாள்.

“இன்னும் ரெண்டு இருக்கு. ஏசுறாங்களே.”

“ஏசினா ஏசட்டும். எண்ட மகனுக்கு நானும் போடத்தான் வேணும். எழும்புங்க.”

அவர்கள் வீடுகளிலும் குரவை உண்டு. இரண்டு பேரும் எழும்பி, மிச்ச இரண்டையும் சேர்ந்து போட்டோம். சிரிப்பு எழும்பியது, பிறகு கைதட்டல். மேடையில் அவள் தலை குனிந்து நின்றாள்.

வெளியே வந்தவள் என் முன்னால் நின்றாள். கண் சிவந்திருந்தது.

“நான் சொல்லச் சொல்லக் கேக்கல்ல என்ன?”

“நேர்த்தி, புள்ள.”

“ஒண்டு கேட்டுது, பிறகு சத்தமில்ல. மாமியப் புடிச்சு வெளிய விட்டுட்டாங்களாக்கும் எண்டு பயந்துபோனன். மற்ற ரெண்டும் கேட்டாப்பிறகுதான் கால் நடந்துது.”

இவ்வளவும் நானே எழுதினேன். இஞ்ச வா பேத்தி, இதை ஒருக்கால் சத்தமாக வாசித்துக் காட்டு. பிழை இருந்தால் பிறகு சொல், இடையில் நிறுத்தாதே.