ரெண்டு மணி நேரம் அடக்கணும்

செல்வராசு அண்ணன் போயிட்டாருன்னு கலா அண்ணி போன் பண்ணப்ப நான் பாகூர்ல தக்காளி எறக்கிட்டிருந்தேன். "வண்டிய எடுத்துட்டு வாப்பா"ன்னாங்க. அவங்க அழுவல. நான் மிச்ச கூடைய எறக்காமலே வண்டிய எடுத்தேன்.

நாங்க ரெண்டு பேரும் ஒரே குட்டியானை லோடு வண்டிய ஓட்டுனவங்க. காலைல அவரு, மத்தியானம் நானு. எங்க ஊரு குருவிநத்தத்துல அவரத் தெரியாத ஆளு இல்ல. ஆனா "அவருக்கு டிபி"ன்னு ஊர்ல நீங்கல்லாம் நெனைச்சிட்டு இருக்கீங்களே, அது தப்பு. அதக் கெளப்பிவுட்டது நான்தான்.

அவருக்கு மூத்திரப்பையில கேன்சர். கட்டிய சுரண்டி எடுத்துட்டு, வாரம் ஒரு வாட்டி, வியாழக்கிழமைல, டியூப் வழியா உள்ள கிருமி வுட்டாங்க. மொத்தம் ஆறு வாரம். டிபி தடுப்பூசியில இருக்குதே, அதே வலுவு கொறச்ச கிருமி. வுட்டப்புறம் ரெண்டு மணி நேரம் ஒண்ணுக்குப் போவாம அடக்கணும். மருந்து எல்லாப் பக்கமும் படணும்னு கால் மணிக்கு ஒருவாட்டி புரளணும். வண்டி பின்னாடி பாய் போட்டுப் படுப்பாரு. நான் போன்ல அலாரம் வெப்பேன்.

"அண்ணா, எடது பக்கம்."

"தோசையாடா நானு?"

ஒருநாள் குப்புறப் படுத்துக்கிட்டே கேட்டாரு. "எது கட்டின்னு கிருமிக்கு எப்பிடிடா தெரியும்?"

நான் லேப் டெக்னீசியன் படிப்ப பாதில வுட்டவன். தெரிஞ்சதச் சொன்னேன். "அதுக்குத் தெரியாதுண்ணா. போய் ஒட்டிக்கும். அதப் புடிக்க உடம்புல இருக்கிற காவல் அணுங்க ஓடியாரும். வந்த எடத்துல கட்டியையும் அடிக்கும். வேற சில கிருமிங்க கட்டிக்குள்ளயே குடியேறும். அங்க காத்து கம்மி, காவலும் கம்மி. அதுங்ககிட்ட மருந்த ஏத்தி அனுப்ப முடியுமான்னு ஆராய்ச்சி பண்றாங்க."

"அப்ப அதுவும் நம்மள மாதிரி லோடு அடிக்குது. திரும்பறப்ப காலியா வருமா?" சிரிச்சாரு. உடனே "சிரிக்க வெக்காதடா, முட்டுது"ன்னாரு.

அவரு வூட்டுக்கும் தம்பி வூட்டுக்கும் ஒரே கக்கூஸ். அவரு ஒண்ணுக்குப் போனப்புறம் கிருமி சாவறதுக்கு பிளீச்சிங் ஊத்தி கால் மணி நேரம் வுடணும். மூணாவது வாரம் தம்பி சம்சாரம் என்னக் கேட்டாங்க, "இன்னாப்பா இது நாத்தம்?" படிச்சவன்னு காட்டிக்கணுமே. "உள்ள டிபி கிருமி வுட்டிருக்காங்க"ன்னேன். அவ்ளோதான். அவங்க வூட்ல ரெண்டு சின்னப் புள்ளைங்க. சாயங்காலமே கக்கூஸ் கதவுல பூட்டு.

அண்ணன் என்னத் திட்டல. "நான் ரெண்டு மணி நேரம் அடக்குறேன். உன்னால வாய ரெண்டு நிமிசம் அடக்க முடியலியேடா"ன்னாரு. "நான் போய் வெளக்கமா சொல்றேண்ணா"ன்னேன். "வுடு, இன்னும் பெருசாவும்." நானும் வுட்டுட்டேன். அதான் எனக்கும் வசதியா இருந்துச்சு.

போவ கக்கூஸ் இல்லாம அண்ணன் ரெண்டு வாரம் ஆஸ்பத்திரிக்கே வரல. பாகூர்ல என் ரூமுக்கு வாங்கன்னு கெஞ்சிக் கூட்டிட்டு வந்தேன். மிச்ச மூணு வாரமும் அங்கதான். அப்புறம் உள்ள கேமரா டியூப் வுட்டுப் பாத்தா கட்டி திரும்ப மொளச்சு சதை வரைக்கும் எறங்கியிருந்துச்சு. அந்த ரெண்டு வாரத்தாலயான்னு டாக்டரக் கேட்டேன். "அப்படியும் சொல்ல முடியாது, இல்லன்னும் சொல்ல முடியாது"ன்னாரு. நான் அதுக்குள்ளயேதான் கெடக்கறேன். எந்தப் பக்கம் புரண்டாலும் அதே.

அண்ணன் பொணத்த எடுத்த அன்னிக்கும் அந்தப் பூட்டு தொங்கிச்சு. தம்பி சம்சாரத்துகிட்டப் போய் சொன்னேன். "அண்ணனுக்கு டிபி இல்லக்கா. கேன்சருக்கு மருந்தா வுட்ட கிருமி அது. பிளீச்சிங் ஊத்துனா போதும், புள்ளைங்களுக்கு ஒண்ணும் ஆவாது."

அவங்க என்னயே பாத்தாங்க. "இத அன்னிக்கே வந்து சொல்லக்கூடாதா தம்பி? நான் பூட்டியிருப்பனா?"

அண்ணன் சொன்னது பாதிதான் சரி. சொல்ல வேண்டிய நேரத்துல வாய அடக்க எனக்கு நல்லாவே தெரிஞ்சிருக்கு.

அவரு பாய் இன்னும் வண்டியில கெடக்குது. அலாரத்த அழிக்கல. வியாழக்கிழமை ஆனா அடிக்கும். எங்க இருந்தாலும் வண்டிய ஓரங்கட்டிட்டு, பக்கத்துல எவன் இருக்கானோ அவன்கிட்ட சொல்றேன்: எங்க செல்வராசு அண்ணனுக்கு டிபி இல்ல.